கையொப்பத்தோடு முடிந்துவிடும் பயிற்சி: திருகோணமலை மாவட்டத் தொழில் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அரிசி ஆலை, ஐஸ் ஆலை, கட்டட ஒப்பந்த முதலாளிமாருக்கு,

வணக்கம். சீனன்குடாவிலும் கந்தளாய்ப் பக்கத்திலும் இயந்திரத் திருத்துநராகவும் பின்னர் பாதுகாப்பு மேற்பார்வையாளராகவும் வேலை செய்தவன் நான். புதிய வேலையாட்களுக்கு நீங்கள் கொடுக்கின்ற, அல்லது கொடுத்ததாகக் கோப்பில் காட்டுகின்ற, பாதுகாப்புப் பயிற்சியைப் பற்றி எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், மூதூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்திறங்கிய ஐந்து பேரிடம் வாயிற்காவலாளியின் மேசையிலேயே ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு பக்கத் தாள் நீட்டப்பட்டது. நால்வர் கையொப்பமிட்டார்கள். ஐந்தாமவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று கேட்டார். "எல்லாரும் போடுறதுதான் அண்ணை, போடுங்கோ" என்று பதில் வந்தது. பிற்பகல் அவர் கையில் இரும்பு வெட்டுகிற, 4 அங்குலத் தட்டுக்கான ஒரு கைக் கிரைண்டர் இருந்தது. காப்பு மூடியைக் கழற்றிவிட்டு அதில் 7 அங்குல வெட்டுத் தட்டை மாட்டியிருந்தார்கள். அந்தச் சிறிய கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடக்கூடியது. தட்டின் மேலோ 8,500 சுற்றுதான் உச்சம் என்று அச்சிட்டிருந்தது. தட்டு வெடித்து, துண்டொன்று அவருடைய முன்கையைக் கிழித்தது. விசாரணைக்கு முதலில் எடுத்து வைக்கப்பட்டது அவருடைய கையொப்பத் தாள்தான்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உங்களுக்குப் புதியதல்ல. விபத்தில் ஒருவர் இறந்தாலோ, 3 நாட்களுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு உழைக்க முடியாமல் போனாலோ, அதை எழுத்து மூலம் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் நீங்கள் அறிந்ததே. அறிந்திருந்தும், "வீட்டில விழுந்தனான் எண்டு ஆசுபத்திரியில சொல்லு" என்று காயப்பட்டவரிடம் சொல்லி அனுப்பும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அப்படிச் சொன்னவர் பிறகு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் உரிமை கேட்டுப் போகையில், தம் வாயால் சொன்ன பொய்யே அவருக்கு எதிராக நிற்கிறது.

இதையெல்லாம் விட என்னை அச்சுறுத்துவது கழிவுநீர்க் கிடங்கு. புழுங்கலுக்கு நெல் ஊறிய நீர் மூடிய கிடங்கில் நின்று புளிக்கும்போது உள்ளேயுள்ள ஒட்சிசன் குறைந்து, காபனீரொட்சைட்டும் ஐதரசன் சல்பைட்டும் தேங்குகின்றன. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் மலக்குழிகளிலும் இதே ஆபத்துதான். ஐதரசன் சல்பைட்டு கூழ்முட்டை போல நாறும் என்பது உண்மை. ஆனால் அதன் செறிவு கூடும்போது மூக்கின் உணர்வையே அது மழுக்கிவிடுவதால், நாற்றம் நின்றுவிட்டதே என்று நம்பி இறங்குகிறவன் ஏணியின் கடைசிப் படியிலேயே மயங்கி விழுகிறான். அவனைத் தூக்கவென்று குதிக்கும் தம்பியோ மச்சானோ அடுத்ததாக விழுகிறான். வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும், நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் சோதனை ஆகாது. எரியும் வாயு இருந்தால் குச்சியே ஆளைக் கொன்றுவிடும். வாயுமானியால் அளந்து, காற்றோட்டம் கொடுத்து, முழு உடல் வார்ப்பட்டியில் கட்டிய கயிற்றின் மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருக்க இறங்குவதுதான் முறை. மேலே நிற்பவர் எக்காரணம் கொண்டும் இறங்கக்கூடாது என்பதை அவர் மனத்தில் பதிய வைப்பதே இப்பயிற்சியின் கடினமான பகுதி, ஏனெனில் கீழே கிடப்பவன் பெரும்பாலும் அவருடைய சொந்தக்காரன்.

நாட்கூலிக்கு வருகிறவர் நாளைக்கு வரமாட்டார், அவருக்கு எதற்குப் பயிற்சி என்று என்னிடம் கேட்ட முதலாளிமார் பலர். இயந்திரத்தோடு பழக்கமில்லாதவர் அவர்தான் என்பதால் அவருக்கே முதலில் வேண்டும். அரை மணித்தியாலம் போதும். ஆனால் அது வாயிற்காவலாளியின் மேசையில் அல்ல, அவர் தொடப்போகும் இயந்திரத்தின் பக்கத்தில், அவருக்கு விளங்கும் தமிழிலோ சிங்களத்திலோ நடக்க வேண்டும். சொன்னதை அவரே செய்து காட்டிய பிறகு கையொப்பம் வாங்குங்கள்.

2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகத்திடம் உங்கள் சங்கங்கள் எழுத்தில் கேட்டு, தமிழில் பேசக்கூடிய பயிற்றுநர்களை இம்மாவட்டத்துக்கு அழைப்பிக்க வேண்டுகிறேன். அதுவரை, உங்களில் எவர் அழைத்தாலும் சம்பளமில்லாமல் வரத் தயாராக இருக்கிறேன். கிடங்கையும் ஒரு கயிற்றையும் காட்டினால் போதும், தாள்கள் வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பாதுகாப்பு மேற்பார்வையாளர்,
திருகோணமலை.