'பாமர மக்களும்'

ஆசிரியர் அவர்கட்கு,

நகரில் நடந்த விஞ்ஞான விழா பற்றிய உங்கள் செய்தியில் "பாமர மக்களும் ஆர்வத்துடன் பார்வையிட்டனர்" என்று ஒரு வரி. அந்தப் பாமர மக்களில் நானும் ஒருத்தி. பேரனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். 'பாமர' என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பின்னால் ஒட்டிய அந்த 'உம்' தான் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

ஆய்வுகூடங்கள் மக்களிடம் வருகின்றன என்றார்கள். சரி, போனோம். பிரமுகர்களுக்கு மாலை போட்டுப் பேசி முடிக்கவே பதினொரு மணி. நுணுக்குக்காட்டியில் குனிந்தேன். "என்ன தெரியுது அன்ரி?" என்றது ஒரு பிள்ளை. என் கண்மயிர்தான் தெரிந்தது. அதைச் சொன்னதும் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டது. பதாகை முழுக்க ஆங்கிலம். பக்கத்து மேசையில் அப்பச்சோடாவுக்கு வினாகிரி ஊற்றி எரிமலை கக்க வைத்தார்கள். பேரன் கைதட்டினான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் எரிமலையே இல்லாத நாட்டில் எரிமலைக்கு ஒரு மேசை இருக்கிறது, கிணற்றுக்கு இல்லை.

கிணற்றை ஏன் இழுக்கிறேன் என்றால், 2004 சுனாமிக்குப் பிறகு கல்லடியில் எங்கள் கிணறு வாயில் வைக்க முடியாத உப்பு. துப்புரவாக்குவோம் என்று மோட்டர் வைத்து இறைத்தோம். இறைக்க இறைக்க உப்புக் கூடியது. அந்த நாட்களில் ஆராய்ச்சிக்காரர் வந்தார்கள். கயிற்றில் ஒரு கருவியைக் கட்டி உள்ளே இறக்கி, கொப்பியில் எண்களைக் குறித்தார்கள். பவுசரில் வந்த தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். நாலைந்து தரம் வந்தார்கள், அப்புறம் ஆளையே காணவில்லை.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எங்கள் மணலில் நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, உப்புத் தண்ணீருக்கு மேலே படையாக மிதக்கிறது. மட்டுமிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். மாரி மழைதான் அதைக் கழுவ வேண்டும். இதை எனக்கு யார் சொன்னது? வெளிநாட்டில் இருக்கும் மருமகன், இணையத்தில் மட்டக்களப்புக் கிணறுகளைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வாசித்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார். பல வருடம் கழித்து! கிணறும் எங்களது, தேத்தண்ணியும் எங்களது, விடை மட்டும் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தது.

உங்களுக்குத் தெரியாததல்ல. 1848இல், இலங்கையில் வெள்ளைக்கார அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் துரை ராத்திரியில் தோணி ஏறி, எங்கள் வாவியின் அடியிலிருந்து வரும் பாட்டுப் போன்ற சத்தத்தைக் கேட்டபோது, எங்கள் மீன்பிடிகாரரிடந்தான் விசாரித்தார். சத்தம் போடுவது ஊரி என்ற நத்தை என்று அவர்கள் சொன்னதையும் புத்தகத்தில் எழுதிவைத்தார். 'பாமரரும் சொன்னார்கள்' என்று எழுதினாரா, தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரில் உப்பை அளக்கும் கருவி பேனை அளவில் இருக்கிறது. அடுத்த விழாவில் அதோடு ஒரு பிள்ளையை ஒரு மேசையில் இருத்துங்கள். 'வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல் கொண்டு வரலாம்' என்று நோட்டீசில் தமிழில் ஒரு வரி போடுங்கள். விழாக்காரர் காதில் விழும்படி இதை நீங்கள் பிரசுரித்தால் போதும், இடம் இருந்தால்.

இப்படிக்கு,
பாமர வாசகி ஒருத்தியும்,
கல்லடி, மட்டக்களப்பு.