ஆசிரியர்கள் கேட்ட சங்கத் தேர்தல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாலஸ்தீனத் தொழிலாளர்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் இஸ்ரேலியச் சோதனைச் சாவடியோடு நின்றுவிடுகின்றன. காரணம் இல்லாமல் இல்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேலில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானோர் அனுமதியையே இழந்துவிட்டார்கள். ஆனால் சொந்த நிர்வாகமான பாலஸ்தீன ஆணையத்தோடும் சொந்தச் சங்கத்தோடும் அவர்கள் மல்லுக்கட்டுவது நம் பத்திரிகைகளில் அநேகமாக வருவதே இல்லை.

2016 பிப்ரவரியில் மேற்குக் கரை அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2013-ல் ஒப்புக்கொண்ட சம்பள உயர்வை முழுதாகக் கொடு என்றார்கள். கூடவே, எங்கள் சங்கத்துக்கு நாங்களே தேர்தல் நடத்தி ஆள் போடுகிறோம் என்றார்கள். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் அதிகம் உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆணையத்தின் அலுவலகங்கள் இருக்கும் ரமல்லாவுக்குப் போராடக் கிளம்பியவர்களை மறிக்கச் சாலையில் தடுப்பு போட்டது யார் தெரியுமா? பாலஸ்தீன ஆணையத்தின் பாதுகாப்புப் படை! வண்டிகளை நிறுத்தி, ஆசிரியர்களைத் திருப்பி அனுப்பினார்கள். சிலரைக் கைதும் செய்தார்கள்.

மார்ச்சில் அதிபர் அப்பாஸ் சம்பள உயர்வு அறிவித்ததும் பள்ளிகள் திறந்தன. சரி, சங்கத் தேர்தல்? அது கிடப்பில் போனது. 2023-ல் மறுபடி நீண்ட வேலைநிறுத்தம். கோரிக்கைகளில் அதுவும் இருந்தது.

காசு இல்லை என்று ஆணையம் சொல்வதில் உண்மை உண்டு. ஆணையத்துக்காக வசூலிக்கும் வரிப்பணத்தை இஸ்ரேல் பிடித்து வைக்கிறது. ஆனால் சங்கத் தேர்தலுக்கு ஒரு வாக்குப்பெட்டி வைக்க என்ன பெரிய செலவு?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்