முகப்பும் வளவும்

கானாடுகாத்தான்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. பிள்ளையார் நோன்புக்குப் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டுப் போனார்கள். இப்போது மறுபடி நானும் புறாக்களும்தான்.

பேத்திக்கு 17 ஆகிறது. ஒரு ராத்திரி பதினொன்றரைக்குத் தரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆத்தங்குடிக் கல்லை ரசிக்கிறாளே என்று எனக்குப் பெருமை. எட்டிப் பார்த்தால் பாதிக் கல்லும் தன் கால் கட்டைவிரலும்! அதைச் சிநேகிதிக்கு அனுப்பினாள். பதிலுக்கு ஒரு மின்விசிறி வந்தது. ஸ்னாப்சாட்டாம், படம் அனுப்பிக்கொள்கிற செயலி. இருவரும் 24 மணி நேரத்துக்குள் ஆளுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருந்தால் பெயர் பக்கத்தில் தீ எரியும், நாள் கணக்கு ஏறும். விட்டால் கணக்கு போச்சு. இவர்களுக்கு 412 நாள் ஆகியிருக்கிறது.

“என்னதான் பேசுவீர்கள்?” என்றேன்.

“ஒண்ணும் பேச மாட்டோம் ஐயா, சும்மாதான்.”

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம், ஊருணிப் படிக்கட்டில் தினம் சாயங்காலம் நாம் மட்டும் என்னத்தைப் பேசிக் கிழித்தோம் என்று தோன்றியது.

இன்ஸ்டாகிராம் கதை வேறு. நோன்பன்று, நூல் திரி வைத்து ஏற்றிய இழை மாவைத் தீபத்தோடு வாயில் போட்டுக்கொண்டதை வீடியோ எடுத்துப் போட்டாள், ஊரே பார்த்தது. ஆனால் நெருங்கியவர்களுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறாள். அவர்களுக்கு மட்டும் பச்சை வட்டம் தெரியும். மொத்தம் ஒன்பது பேர். மார்க் குறைந்தது, அழுது வீங்கிய முகம் எல்லாம் அங்கேதான் போகும், 24 மணி நேரத்தில் மறைந்தும் போகும். பட்டியலில் யார் யார் என்பது அவளுக்கு மட்டுமே தெரியுமாம். நம் வீடு மாதிரிதான்: வருகிறவர் போகிறவருக்கு வாசல் பக்கத்து முகப்பு, நம் ஆட்களுக்கு உள்ளே முற்றத்து வளவு. இதை அவளிடமும் சொன்னேன், சிரித்தாள்.

என் குறை தூக்கத்தைப் பற்றித்தான். அனுப்பியதைப் பார்த்துவிட்டும் சிநேகிதி பதில் போடவில்லை என்று ஒரு மணி வரை முழித்திருக்கிறாள். நாம் இன்லண்ட் லெட்டரைப் பெட்டியில் போட்டால் பத்து நாள் கவலையில்லை. நீ படித்தாயா, அடுப்பில் போட்டாயா, யாருக்குத் தெரியும்!

கிளம்பும்போது, “வளவுக்குள்ளே எனக்கு இடம் உண்டா?” என்று கேட்டேன்.

“நீங்க முகப்பிலயே இருங்க ஐயா” என்றுவிட்டுக் காரில் ஏறிவிட்டாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்