மூன்று வயதுக் கைக்கு நாலுகோடு நோட்டு எதற்கு?

ஐயா,

விஜயதசமியன்று பிள்ளையை மடியில் உட்கார வைத்து, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து 'அ' போட வைக்கிறோம். மறுநாளே பென்சிலும் நாலுகோடு நோட்டும் வந்துவிடுகின்றன. இரண்டில் முதல் நாள் செய்ததுதான் சரி. திண்ணைப் பள்ளிகளில் மணலில்தான் எழுதப் பழக்கினார்கள். 1790களில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத்தான் அந்த முறையைத் தன் பள்ளிக்கும், பிறகு இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். நாம்தான் கைவிட்டுவிட்டோம்.

குழந்தைகள் பெரும்பாலும் மூன்று வயதையொட்டி வட்டத்தையும், நாலில் கூட்டல் குறியையும், ஐந்தை நெருங்கும்போது சதுரத்தையும் பார்த்து வரைகிறார்கள். முக்கோணம் அதற்கும் பிறகு. முக்கோணமே வராத கையிடம் 'இ'யை, அதுவும் நாலு கோட்டுக்குள், ஒரு பக்கம் முழுக்கக் கேட்கிறோம். அந்த வயதில் கை தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும்தான் அசையும். கோட்டுக்குள் எழுதுவதோ விரல் நுனி வேலை. அதனால் பிள்ளை பென்சிலை முஷ்டியாகப் பிடித்து அழுத்துகிறது, முனை உடைகிறது, தாள் கிழிகிறது. அப்போது படிந்த பிடி ஏழு வயதில் லேசில் மாறாது. 2022இல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் 3 முதல் 6 வயதுவரை பாடநூல் வேண்டாம் என்கிறது. ஆனால் 'விளையாட்டு வழிக் கல்வி' என்று வாசலில் பலகை மாட்டிய பள்ளியிலும் பையில் நாலு நோட்டு இருக்கிறது.

நோட்டுக்குப் பதில் என்ன? முதலில் மணல் தட்டு. விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் கறுப்பு சார்ட் தாளை வெட்டிப் போட்டு, மேலே அரை சென்டிமீட்டருக்கு மணல். அதற்கு மேல் போட்டால் விரல் இழுத்த கோடு இரண்டு பக்கமும் சரிந்து மூடிக்கொள்ளும். விரல் அடித்தாளைத் தொட்டால்தான் கறுப்புக் கோடு பளிச்சென்று தெரியும். ஆற்று மணலை அலசி, வெயிலில் காயவைத்து, ரவை சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். எம்-சாண்ட் வேண்டாம், அது உடைத்த கல், முனை கூர்மை, தூசியும் அதிகம். மணலுக்குப் பதில் ரவையை வைத்தால் எறும்பு வரும். முதல் சில வாரங்கள் படுத்த கோடு, நின்ற கோடு, சாய்ந்த கோடு, வட்டம் மட்டும். பிறகு ட. கீழே ஓர் இழுப்பு, வலப்பக்கம் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். இன்னொரு கோட்டை மேலே தூக்கினால் ப, அதில் வளைவு சேர்ந்தால் ம. இந்த மூன்றில் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். 'அ' முதலில் வரவேண்டும் என்பது அகராதி வரிசை. கைக்கு அந்த வரிசை தெரியாது.

அடுத்தது மாவு. மைதா இரண்டு டம்ளர், தூள் உப்பு ஒரு டம்ளர், எண்ணெய் இரண்டு ஸ்பூன், நிறத்துக்கு மஞ்சள் தூள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். மொத்தமாக ஊற்றினால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும், பிள்ளைகள் கையை உதறிக்கொண்டு ஓடிவிடுவார்கள். உப்பைக் குறைத்தால் மறுநாளே புளித்த வாடை வரும். இத்தனை உப்பு இருப்பதால் வாயில் போட விடக்கூடாது, விரலில் புண் உள்ள பிள்ளைக்குக் கொடுக்கவும் கூடாது. ஆளுக்கு ஆரஞ்சுப் பழம் அளவு கொடுங்கள். சிக்கனம் பார்த்து நெல்லிக்காய் அளவு கொடுத்தால் விரல் நுனிதான் வேலை செய்யும்; வலுவேற வேண்டிய உள்ளங்கை சும்மா கிடக்கும்.

எண்ணும் இப்படித்தான். நூறுவரை ஒப்பிக்கிற பிள்ளையிடம் பத்துக் கல்லை வைத்து "நாலு குடு" என்று கேளுங்கள். பலர் ஒரு பிடி அள்ளிக் கொடுப்பார்கள். ஒன்று, இரண்டு என்பது அவர்களுக்குப் பாட்டு. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு தட்டு வைக்கச் சொன்னால் அது தானாகப் பிடிபடும். பல்லாங்குழியும் குழிக்கு ஒன்றாகப் போடவைத்து இதையே பழக்குகிறது. ஆனால் அது ஐந்து வயதுக்கு, ஏழு குழி கொண்ட ஒரு வரிசையோடு. சின்னப் பிள்ளைகளிடம் புளியங்கொட்டையைக் கொடுக்காதீர்கள்; மூக்கில் போட்டுக்கொண்டால் ஈரத்தில் ஊறிப் பெருத்து எடுக்க வராது. மூன்று வயதுக்குக் கீழ் என்றால், ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் நுழைகிற எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது. கடைப் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதையும் பெற்றோர் பார்த்து வாங்கலாம்.

பொருளை வைத்துவிட்டு ஆசிரியர் பதிவேடு எழுத உட்கார்ந்துவிட்டால் இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குதான். ஒரு பிள்ளை கொட்டாங்குச்சிகளை அடுக்குகிறது. எல்லாவற்றையும் வாய் மேலே பார்த்தபடி வைக்கிறது. அடிப்பக்கம் உருண்டை, இரண்டாவதே ஆடி விழுகிறது. உடனே ஆசிரியர் குனிந்து கவிழ்த்து வைத்துக் காட்டினால் கதை முடிந்தது. "இது என்ன கலர்?" என்று கேட்டாலும் முடிந்தது. "ஏன் ஆடுது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். பிள்ளை ஒன்றைத் திருப்பும், விழும், மறுபடி திருப்பும். இதற்கு நேரம் பிடிக்கும். இருபது நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கிற பள்ளியில் பாதி நேரம் பொருளைத் தேர்வதிலும் சண்டையிலும் போய்விடும். ஒரே மூச்சாக முக்கால் மணி நேரமாவது வேண்டும். ஒரு விளையாட்டு மூலைக்கு ஐந்து பேர். எல்லோரும் கேட்கிற பொருளில் ஒரே நிறத்தில் இரண்டு இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

பள்ளி பார்க்கப் போகும் பெற்றோர் இரண்டைப் பார்த்தால் போதும். சுவரில் ஒட்டிய இருபத்தைந்து மாம்பழப் படமும் கோடு தாண்டாமல் ஒரே மஞ்சளில் இருந்தால் அது ஆசிரியரின் கைவேலை. விளையாட்டுப் பொருள் இரண்டரை அடி உயர அலமாரியில், மூலை தேய்ந்து, அழுக்கேறி இருக்கிறதா, பீரோ மேல் பாலித்தீன் உறையோடு இருக்கிறதா என்பது இன்னொன்று.

பீரோ மேல் இருப்பதற்கு அங்கன்வாடிகளில் ஒரு காரணம் உண்டு. நம் அங்கன்வாடிகளுக்கான 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' கலைத்திட்டத்தில் மேற்சொன்ன அணுகுமுறை எல்லாமே இருக்கிறது. ஆனால் கொடுத்த பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், ஒரு கட்டை காணாமல் போனாலும் பணியாளர்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் வந்துவிடுகிறது. எட்டாமல் வைப்பது அவருக்குப் பாதுகாப்பு. சாக்பீஸ் தீர்ந்தால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கட்டை, பாசிமணி, கிரேயான், பொம்மை இவற்றையும் அதேபோல் தேய்ந்து தீரும் பொருள்களாகப் பதிந்து, ஆண்டுக்கு ஒருமுறை உடைந்ததைக் கழித்துப் புதிது தர உத்தரவிட்டால் பொருளைக் கீழே இறக்கிவிடுவார்கள். அங்கன்வாடிகளை நடத்தும் துறை இதைச் செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முன்பருவக் கல்விப் பயிற்றுநர்கள் சிலர்,
மதுரை.