செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: நிகாதாவில் கோய் வாங்கிய விவரம்

மதிப்பிற்குரிய தலைவர் அய்யா அவர்களுக்கும், பொருளாளருக்கும், கோவை கோய் வளர்ப்போர் மன்றத்து உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தா பாக்கி உள்ளவர்கள் பெயரைப் படிக்க வேண்டாம் என்று செயற்குழு சொல்லிவிட்டது, அவர்களுக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி, அக்டோபர் கடைசியில் ஜப்பானின் நிகாதா மாகாணத்துக்குப் போய்க் கோய் (அழகுக்காக வளர்க்கும் வண்ணக் கெண்டை) மீன் தேர்ந்தெடுத்த பயணத்தைப் பற்றியது. பெட்டிகளைப் பிரித்த நாளிலிருந்து கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “ஏனுங்க, இத்தனை செலவு பண்ணிப் போயி, இந்த வெளுத்த குஞ்சுகளைத்தானுங்களா புடிச்சுட்டு வந்தீங்க?” அதற்கான பதிலை இங்கே பதிவு செய்கிறேன்.

தோக்கியோவிலிருந்து ஜோயெத்சு ஷின்கான்சென் ரயிலில் நாகாவோகா வரை போய், அங்கிருந்து வண்டியில் மலை ஏறினோம். யமாகோஷி, ஓஜியா பகுதிகள்தான் கோயின் பிறந்த மண். பனி மூடும் மாதங்களில் உணவாகட்டும் என்று வயலோரக் குட்டைகளில் வளர்த்த கெண்டையில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறம் மாறிய மீன்கள் தலைகாட்டின. உழவர்கள் அவற்றைத் தின்னாமல் ஒதுக்கி வளர்த்தார்கள். 1914-இல் தோக்கியோவில் நடந்த தைஷோ கண்காட்சியில் வைத்த பிறகே வெளியுலகம் அவற்றைக் கவனித்தது. 2017-இல் நிகாதா மாகாணம் கோயைத் தன் மாகாண அலங்கார மீனாக அறிவித்தது. படிப்படியாக இறங்கும் நெல்வயல்களுக்கு நடுவே, பனி உருகிய நீரும் மழைநீரும் தேங்கிய மண்குளங்கள். வயலும் குளமும் ஒரே குடும்பத்தின் பிழைப்பு.

2004 அக்டோபர் 23-இல் அங்கே 6.8 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. நாங்கள் போனபோது அதற்கு 20 ஆண்டு நிறைந்திருந்தது. மலை சரிந்து சாலைகள் அறுந்து, யமாகோஷி மக்கள் அனைவரும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். குளக்கரைகள் பிளந்தன, மின்சாரம் நின்றது, மீன்கள் பெருமளவில் மடிந்தன. தப்பிய தாய்மீன்களை ஹெலிகாப்டரில் வைத்து மலையிறக்கினார்கள். சரிந்த மண் ஆற்றை அடைத்ததால் நீரில் மூழ்கிய கோகோமோ குடியிருப்பின் வீடுகளை இன்றும் பார்க்கலாம். வழிவழியாகக் காத்த தாய்மீன் போனால் அதைக் காசு கொடுத்து மீட்க முடியாது. விலை கேட்டு முகம் சுளிக்கும் முன் இதை நினைவில் வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

(அந்த ஊரில் காளைச் சண்டையும் உண்டு. இரண்டு காளைகளை மோதவிட்டு, வெற்றி தோல்வி தீர்வதற்கு முன்பே பிடித்து இழுத்து விலக்கிவிடுவார்களாம். நம் தலைவர் அய்யாவுக்கு மீனைவிட அதில்தான் ஆர்வம் அதிகமாக இருந்தது. பார்க்க நேரம் அமையவில்லை.)

கோடை முழுதும் மண்குளத்தில் வளர்ந்த மீன்களை அக்டோபரில் குளத்தை வற்றவைத்துப் பிடித்து, பனி விழும் முன் கூரையிட்ட தொட்டிகளுக்கு மாற்றுவார்கள். அந்த நேரத்தில் போனால்தான் கோடை வளர்ச்சி உடம்பில் தெரியும், தேர்வும் விரிவாக இருக்கும். தொட்டிக்குள் கைவிட்டு மீனைத் தொடக்கூடாது. எந்த மீன் வேண்டுமோ அதைக் காட்டினால் பண்ணைக்காரர் வலையால் ஒதுக்கி, நீல நிறத் தொட்டியில் விட்டுக் காட்டுவார். நாம் டவுன்ஹால் கடைவீதியில் பேரம் பேசுவதுபோல அங்கே பேச முடியாது. நமக்காகப் பேசும் முகவர் மெதுவாக ஒருமுறை கேட்பார், பண்ணைக்காரர் சிரிப்பார் அல்லது சிரிக்கமாட்டார், அவ்வளவுதான். சில தொட்டிகளைக் காட்டவே மாட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று ஆண்டில் பெரிதாக வரும் என்று அவர்களே நம்பும் மீன்கள் அதில் இருக்கும்.

ஒரு தாய்மீன் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. கோஹாக்கு (வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுள்ள வகை) குஞ்சுகளைப் பல சுற்றாகக் கழித்துக் கழித்து, நூற்றுக்கு ஒன்றிரண்டு தேறினால் அதிகம். ஷோவாவில் (கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையும் உள்ள வகை) கழிப்பு இன்னும் சீக்கிரம்: பொரித்த சில நாளிலேயே கறுப்புக் குஞ்சுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். இப்படித் தேறி வந்ததில், இன்றைக்கே அழகாக இருக்கும் மீனுக்கும் நாளைக்கு அழகாகப்போகும் மீனுக்கும் இடையில்தான் வாங்குபவரின் கண்ணுக்கு வேலை.

நாங்கள் தேர்ந்தெடுத்த முறை இது. முதலில் உடம்பு: மேலிருந்து பார்க்கையில் முதுகெலும்பு நேராகவும், தோள் அகன்றும், வால் தொடங்கும் இடம் பருத்தும் இருக்க வேண்டும். அடுத்தது தோல்: வெள்ளை பால்போல் கெட்டியாக, மஞ்சள் பாயாமல் இருக்க வேண்டும். கடைசியாகத்தான் கோலம். இளம் ஆண்மீன் நிறம் முற்றிச் சீக்கிரமே பளிச்சென்று நிற்கும். பெரும்பாலும் அதற்குமேல் ஏற்றம் இல்லை. பெண்மீன் மெதுவாகத்தான் முதிரும், ஆனால் பெரிதாகும். சிவப்புத் திட்டின் முன்விளிம்பில் வெள்ளைச் செதிலுக்கு அடியில் சிவப்பு மங்கலாகத் தெரிவது இளம் மீனில் குறை அல்ல, சிவப்பு ஆழமாக இருப்பதன் அடையாளம். ஷோவாவில் தோலுக்குக் கீழே நீலச் சாம்பலாகக் கிடப்பது, பின்னாளில் மேலே எழப்போகும் கறுப்பு. நீங்கள் “வெளுத்த குஞ்சு” என்பது இந்த இரண்டையும்தான். பளிச்சென்ற மீன்தான் வேண்டும் என்றால் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலேயே நல்ல விலைக்குக் கிடைக்கும். அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. முற்றித் தேறிய பெரிய மீனின் விலை நம் கணக்கில் வராது. 2018-இல் ஹிரோஷிமா சகாய் பண்ணையின் ஒரு கோஹாக்கு ஏலத்தில் 20 கோடியே 30 லட்சம் யென்னுக்குப் போனது.

மீன்களைப் பங்கிட்டதிலும் மனத்தாங்கல் இருப்பது தெரியும். சீட்டுக் குலுக்கியிருக்கலாம் என்கிறார்கள். தண்ணீரைப் பார்த்தே பங்கிட்டோம். யமாகோஷித் தண்ணீர் மென்மையானது. போர்வெல் உப்புத் தண்ணீரில் கறுப்பு சீக்கிரம் ஏறும், கோஹாக்குவின் வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள் தெறிக்கவும் வாய்ப்பு உண்டு என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். ஆகவே சிறுவாணி இணைப்பு உள்ளவர்களுக்குக் கோஹாக்குவும், போர்வெல்லை நம்பியிருப்பவர்களுக்கு ஷோவாவும் சான்கேயும் (வெள்ளை உடம்பில் சிவப்பும் கறுப்பும் உள்ள வகை). சிறுவாணிக்காரர்கள் குளோரினை முறிக்க ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போட மறக்கக்கூடாது. மென்னீரில் காரத்தன்மை குறைவு என்பதால், வடிகட்டி வேலை செய்யச் செய்யத் தண்ணீர் திடீரென்று அமிலமாகும். வாரம் ஒருமுறை சோதித்து, தேவைப்பட்டால் சமையல் சோடா சேருங்கள்.

உடல்நலச் சான்றும் இறக்குமதித் தாள்களும் உரிமம் உள்ள முகவர் பொறுப்பில் முடிந்தன. அனுப்புவதற்குச் சில நாள் முன்பே மீன்களுக்குத் தீனி நிறுத்தி, இரட்டைப் பையில் உடம்பு மூழ்கும் அளவு தண்ணீரும் மிச்சமெல்லாம் ஆக்சிஜனுமாகக் கட்டினார்கள். பையைத் திறந்ததும் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்க வேண்டும் என்று சிலர் அன்று வாதாடினார்கள். நீண்ட பயணம் வந்த பைக்கு அது ஆபத்து. கட்டிய பையில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீர் அமிலமாகியிருப்பதால் அம்மோனியா விஷமாகாமல் அடங்கியிருக்கும். திறந்ததும் வாயு வெளியேறி, அதே அம்மோனியா நஞ்சாக மாறும். வெப்பத்தை மட்டும் சமன்செய்து, மீனைக் கையால் எடுத்துத் தொட்டியில் விட்டு, பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவதே சரி.

தனிமைத் தொட்டியில் கொளத்தூர் மீன் இரண்டைக் கூடவே விட்டதைப் பார்த்து, உயர்ந்த மீனோடு மட்ட மீனைச் சேர்ப்பதா என்று கேட்டார்கள். கோய் ஹெர்பெஸ் நோய்க்கு மருந்து கிடையாது. பிழைத்த மீனும் வெளியே தெரியாமல் கிருமியைச் சுமக்கும். சுமார் 16 முதல் 28 டிகிரி வெப்பத்தில்தான் நோய் தலைகாட்டும். அந்த வெப்பத்தில் வாரக்கணக்கில் சேர்த்து வைத்து, உள்ளூர் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகே உங்களிடம் கொடுத்தோம். அந்த இரண்டும் இப்போது தலைவர் அய்யா வீட்டில் நலம்.

முதல் தீர்மானம்: பெண் ஷோவா இரண்டைப் பண்ணையிலேயே விட்டு வந்திருக்கிறோம். அடுத்த கோடையையும் மண்குளத்தில் கழித்து அக்டோபரில் கைக்கு வரும். இடையில் செத்தால் நட்டம் மன்றத்துக்கு என்பது பண்ணைக்காரர் வைத்த நிபந்தனை. அதற்குச் செயற்குழு சம்மதித்தது, பொதுக்குழு ஒப்புதல் தேவை.

இரண்டாவது தீர்மானம்: அடுத்த பயணத்தில் வருபவர்கள் முற்றின மீன் கேட்டு அடம்பிடிக்கக் கூடாது. தனிப்பட்ட முறையில் வாங்குவதானால் சரக்குச் செலவும் தனி.

மன்றத்தின் தண்ணீர் சோதனைப் பெட்டியை இரவல் வாங்கிப் போனவர் இம்மாதக் கடைசிக்குள் பொருளாளரிடம் சேர்ப்பிக்கவும். துளிமருந்துப் புட்டிகள் தீர்ந்திருந்தால் அதையும் சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்