மவுத்வாஷ் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மூலிகை மவுத்வாஷ் செய்பவர்களே, வழக்கமான மவுத்வாஷ் செய்பவர்களே,

இரு தரப்புக்கும் சேர்த்தேதான் எழுதுகிறேன். பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அங்கே நான் தேடுவது ஃபுளோரைடு என்ற ஒரு சொல்லைத்தான்; பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் தாது அது. அது இல்லாத பாட்டிலிலும் முன்பக்கத்தில் 'சொத்தையைத் தடுக்கும்' என்று பெரிதாக எழுதியிருந்தால் எரிச்சல் வராதா?

சொத்தை ஒரே நாளில் விழுவதில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. பல்லில் படிந்த படலத்தின் பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேலோடான எனாமலின் தாது கரைகிறது. எச்சில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் நடக்கும் இந்த இழுபறியில் பல் தோற்றால்தான் குழி. அதனால், வேம்போ திரிபலாவோ சில வாரங்களில் கிருமி எண்ணிக்கையைக் குறைத்தது என்று நீங்கள் காட்டினால், சரி, நல்ல செய்திதான். குழி விழுவதும் குறைந்ததா என்பது வேறு கேள்வி.

அடுத்த தரப்பு சிரிக்க வேண்டாம். சில மவுத்வாஷ்களில் நீங்கள் சேர்க்கும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி ஈறு வீக்கத்துக்கு நல்ல மருந்து. சொத்தையைத் தடுக்கும் என்பதற்குச் சான்று பலவீனம். தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் சுவை மாறும். '99 சதவீதக் கிருமிகள்' கணக்கும் அப்படித்தான்; செத்த கிருமியை எண்ணுவது பல்லை எண்ணுவதாகாது.

ஃபுளோரைடு கரைசலுக்கு மட்டும் உருப்படியான கணக்கு இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016 தொகுப்பாய்வின்படி, மேற்பார்வையில் தவறாமல் கொப்பளித்த பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் சொத்தை சராசரியாக 27 சதவீதம் குறைந்தது. மூலிகையோடு ஃபுளோரைடையும் சேர்க்கக் கூடாது என்று யார் சொன்னது?

ஆகவே, ஃபுளோரைடின் அளவை முன்பக்கத்திலேயே அச்சிடுங்கள். இல்லையென்றால் 'சொத்தை' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். வாய் நாற்றம் போகும் என்று எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

அப்புறம், இன்னொரு வரியும் வேண்டும்: 'பல் துலக்கிய கையோடு கொப்பளிக்காதீர்கள்.' பேஸ்ட்டில் பெரும்பாலும் 1,000 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) வரை ஃபுளோரைடு இருக்கிறது, தினசரிக் கரைசலில் சுமார் 225 தான். கூடுதலாக இருப்பதைக் குறைவானதைக் கொண்டு கழுவித் துப்பிக்கொண்டிருக்கிறோம், அதுவும் காசு கொடுத்து.

இப்படிக்கு,
பொடி எழுத்து படிக்கும் ஒரு வாடிக்கையாளர்