ஹாங்க் ஹில் ஊர் திரும்பினார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்தபோதுதான் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். மகள் பெங்களூருவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். மாலை நேரம் நிறையக் கிடைக்கிறது.

அந்த நேரத்தில்தான் நீ கேட்ட காரியத்தையும் முடித்தேன். டெக்சஸில் வாழும் ஹில் குடும்பத்தைப் பற்றிய 'கிங் ஆஃப் தி ஹில்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் 2025இல் வந்த புதிய எபிசோடுகள் பத்தையும் பார்த்துவிட்டேன். பிடித்திருக்கிறதா என்று ஒரு வரியில் கேட்டிருந்தாய். பிடித்திருக்கிறது, மிகவும். இரண்டு மூன்று குறைகளும் உண்டு. அவற்றையும் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் அவர்கள் எடுத்த துணிச்சலான முடிவைச் சொல்லவேண்டும். காலத்தை ஓடவிட்டிருக்கிறார்கள். கார்ட்டூன் குடும்பங்களில் இது அபூர்வம். சிம்ப்சன்ஸ் தொடர் 1989இல் தொடங்கியது. பார்ட்டுக்கு இன்றும் பத்து வயதுதான். ஹில் குடும்பத்தையும் அப்படியே பழைய சந்தில் பீர் டின்னோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ரசிகர்கள் பழைய நினைவில் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் 13 சீசன், 259 எபிசோடு ஓடிமுடிந்து இத்தனை ஆண்டுகள் கழித்து வரும்போது, தொடரை உருவாக்கிய மைக் ஜட்ஜும் கிரெக் டேனியல்ஸும் அந்த எளிய வழியில் போகவில்லை. மகன் பாபிக்கு இப்போது 21 வயது. அப்பா ஹாங்கும் அம்மா பெகியும் சவூதி அரேபியாவில் அராம்கோ எண்ணெய் நிறுவன வேலையை முடித்துக்கொண்டு, ஓய்வுக்காலத்தைக் கழிக்கச் சொந்த ஊரான ஆர்லனுக்குத் திரும்புகிறார்கள். சவூதியிலும் புரொப்பேன் எரிவாயுதான் ஹாங்கின் தொழில், அதில் மாற்றமில்லை!

ஊர் திரும்புகிறவனுக்கு என்ன நேரும் என்பதை இவ்வளவு சரியாகக் காட்டிய தொடரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அராம்கோ குடியிருப்பு பழைய அமெரிக்கப் புறநகரைப் போலவே கட்டப்பட்டது. அங்கே இருந்தவரைக்கும் ஹாங்குக்கு எல்லாம் பழகியபடியே இருந்தது. சொந்த ஊருக்கு வந்த பிறகுதான் அவருக்கு எல்லாமே வெளியூராகத் தெரிகிறது. அமெரிக்காவிலிருந்து நான் கோயம்புத்தூருக்குத் திரும்பிய புதிதில் அவிநாசி சாலையில் மேம்பாலத் தூண்களுக்கு நடுவே எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். அதனால் ஹாங்க் விமான நிலையத்திலிருந்தே விழி பிதுங்கும்போது எனக்குச் சிரிப்பைவிட அனுதாபம்தான் அதிகம் வந்தது. முக்கியமான விஷயம், அவரைக் கோபக்காரக் கிழவராக ஆக்கிவிடவில்லை. புரியாததைக் கண்டு முகம் சுளிக்கிறார், பெருமூச்சு விடுகிறார், பிறகு புரிந்துகொள்ள முயல்கிறார். இன்றைய அமெரிக்காவில் அந்த மாதிரி ஒரு டெக்சஸ்காரரைத் திரையில் காட்டுவதற்கே நெஞ்சுரம் வேண்டும்.

கால்பந்து எபிசோடை நீ பார்த்தாயா? பழைய சீசன்களில் கால்பந்து என்றாலே ஹாங்குக்கு ஆகாது. ஆண்பிள்ளைகள் ஆடும் ஆட்டமே இல்லை என்பார். அதே மனிதர் சவூதியில் இருந்தபோது அந்த ஆட்டத்தின் மேல் ஆசைப்பட்டுவிட்டார். அக்கம்பக்கத்து நண்பர்கள் டேலுக்கும் பில்லுக்கும் தெரிந்தால் மானம் போகும் என்று மறைத்து வைக்கிறார். வெளிநாட்டு வாசம் ஒருவரை எப்படி மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல கதை எழுத முடியாது. பெரிய கொள்கை எதுவும் மாறவில்லை; ஓர் ஆட்டம் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் அந்த மனிதருக்கு வாய் வரவில்லை.

இனி பாபி. எனக்கு இந்தச் சீசனே பாபிதான். டாலஸில் ஒரு ஜெர்மன்-ஜப்பானிய உணவகத்தில் தலைமைச் சமையல்காரனாக இருக்கிறான். கேட்டவுடன் விளையாட்டுக்கு வைத்தது போலத் தோன்றும். ஆனால் 2009இல் ஃபாக்ஸில் ஒளிபரப்பான கடைசிக் கதையை நினைத்துப் பார். இறைச்சியின் தரத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் திறமை பாபிக்கு இருக்கிறது என்று அதில்தான் தெரியவந்தது. அதுவரை மகனோடு பேசுவதற்கு ஒரு பொதுவான விஷயம் கிடைக்காமல் தவித்த ஹாங்க், அவன் பக்கத்தில் நின்று தோட்டத்தில் ஸ்டேக் வாட்டுவார். வாசனையைப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். அன்று விதைத்ததைத்தான் இன்று வளர்த்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் சரியாக விட்ட இடத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்றால், தங்கள் கதையை அவர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் பார்!

அதிலும் ஒரு முள். பாபியின் உணவகத்தில் சமைப்பது ரொபாடா முறையில்; அது குச்சியில் கோத்த இறைச்சியையும் காய்கறியையும் கரித்தணலில் வாட்டும் ஜப்பானிய முறை. ஆகவே பாபியின் அடுப்பில் எரிவது கரி. வாழ்நாள் முழுதும் புரொப்பேன்தான் சுத்தம், புரொப்பேன்தான் கௌரவம் என்று பிரசாரம் செய்தவரின் மகன் கரியில் சமைக்கிறான்! வேறு தொடராக இருந்தால் மதம் மாறினான், கட்சி மாறினான் என்று கதை பண்ணியிருப்பார்கள். இங்கே அதே கனம் ஓர் எரிபொருளுக்கு வந்துவிடுகிறது. அப்பாவின் தொழிலை அவமதிக்கவேண்டும் என்பது அவன் எண்ணமில்லை. அவன் சமையலுக்கு அந்தத் தணல் வேண்டியிருக்கிறது. அப்பாவிடம் கற்றுக்கொண்ட சிரத்தையை அப்பாவுக்குப் பிடிக்காத அடுப்பில் காட்டுகிறான். நம் வீடுகளிலும் பிள்ளைகள் வேறென்ன செய்கிறார்கள்?

பாபிக்குக் குரல் கொடுப்பவர் அன்று முதல் இன்றுவரை பமீலா அட்லன்தான். வளர்ந்த ஆணுக்கு அந்தக் குரல் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் எபிசோடு முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. அந்தக் கரகரப்பு இல்லாமல் பாபி இல்லை.

குரல்களைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. டேலுக்குக் குரல் கொடுத்த ஜானி ஹார்ட்விக் 2023 ஆகஸ்டில் இறந்துபோனார். அதற்குமுன் சில எபிசோடுகளைப் பேசி முடித்திருக்கிறார். மீதியை டோபி ஹஸ் பேசியிருக்கிறார். ஜான் ரெட்கார்னுக்குப் பேசிய ஜொனாதன் ஜாஸ் 2025 ஜூன் 1 அன்று சான் அன்டோனியோவில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 4இல் தொடர் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. அந்தக் குரல் கேட்ட இடத்தில் நான் நிறுத்திவிட்டு, சற்று நேரம் கழித்துத்தான் தொடர்ந்தேன்.

இதனால்தான் பெகியின் சகோதரர் மகள் லுவான் விஷயத்தில் எனக்குக் கோபம். அவளுக்குக் குரல் கொடுத்த பிரிட்டனி மர்ஃபி 2009 டிசம்பரில் இறந்தார். அவள் கணவன் லக்கிக்குக் குரல் கொடுத்த டாம் பெட்டி 2017இல். வேறு குரலை வைத்து அந்தப் பாத்திரங்களை ஓட்டாதது நல்ல மனசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லுவான் அந்த வீட்டில் வளர்ந்த பெண். எத்தனை சீசன் அந்த வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்! பெகி அவளை நினைத்து ஒரு நிமிடம் கலங்குவது போல ஒரு காட்சி வைத்திருக்கவேண்டும். செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசுவதற்குத்தானே குடும்பம்?

பெகிக்கும் வேலை போதவில்லை. அந்த அசட்டுத் துணிச்சலும், தப்புத் தப்பான ஸ்பானிய மொழியும், தான்தான் பெரிய அறிவாளி என்ற நம்பிக்கையும் பழைய எபிசோடுகளைத் தூக்கி நிறுத்தியவை. இப்போது பெரும்பாலும் கணவருக்குத் துணையாகவே வந்துபோகிறார். இன்றைக்கு நாட்டில் பேசப்படும் பிரச்சினைகளையெல்லாம் ஒன்றுக்கு ஓர் எபிசோடாகத் தொட்டுவிடவேண்டும் என்ற அவசரமும் சில இடங்களில் தெரிகிறது. பழைய தொடரில் புல்வெட்டும் இயந்திரத்தை வைத்தே ஒரு கதை ஓட்டுவார்கள். அந்த நிதானம் அடுத்த சீசனில் திரும்பவேண்டும். பத்தையும் ஒரே நாளில் வெளியிட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. வாரம் ஒன்று வந்திருந்தால் உனக்கு நான் பத்துக் கடிதம் எழுதியிருப்பேன்.

பில்லைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2020 ஊரடங்குக்கு உள்ளே போனவர் வெளியே வரவேயில்லை. நெட்ஃப்ளிக்ஸில் இருப்பதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு அந்த வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார். ஹாங்க் வந்து கதவைத் தட்டவேண்டியிருக்கிறது. டேலும் இன்னொரு நண்பர் பூம்ஹாவரும் அதே தெருவில்தானே இருந்தார்கள் என்று எனக்குப் பதைத்தது. நம் கல்லூரிக் கூட்டத்திலும் நோய்த்தொற்றுக்குப் பிறகு யாருக்கும் போன் எடுக்காத ஒருவன் இருக்கிறான். யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். போன வாரம் அவன் வீட்டுக்கே போய்விட்டேன். இளைத்திருக்கிறான். உன்னை விசாரித்தான். எண் மாறவில்லை, ஞாயிறு காலை கூப்பிட்டுப் பேசு.

இன்னொன்று. ஜட்ஜ் ஆர்லன் என்ற கற்பனை ஊரை டாலஸுக்கு அருகிலுள்ள கார்லண்ட், ரிச்சர்ட்சன் பக்கத்தை மனத்தில் வைத்துத்தான் உருவாக்கினார். நீ இப்போதும் அங்கேயே இருக்கிறாய். அந்தச் சந்துகள், மரவேலிகள் எல்லாம் இன்னும் அப்படியே இருக்கின்றனவா? புதிய படங்களில் கோடுகள் மிகவும் துல்லியமாக இருக்கின்றன. பழைய தூசி படிந்த டெக்சஸ் வெயில் எனக்குக் கண்ணில் படவில்லை. நீ என்ன நினைக்கிறாய்? அடுத்த வீட்டுக் கான்-மின் தம்பதியின் பிரிவைப் பற்றியும் உன் கருத்தை எழுது. உனக்குக் கானைப் பிடிக்கும் என்பதால் நான் அதைத் தொடாமல் விட்டுவைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்